டிரெய்லர் வால் ஆட்டுதா, ஹப் கொதிக்குதா, கிங்பின் இடிக்குதா: அறிகுறியைப் பாத்து சரி பண்ற வழி

டல்லாஸ் பக்கம் இருக்கோம். முதல்ல 27 அடி டிராவல் டிரெய்லர் (ட்ரக் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீடு) ஒண்ணு வச்சிருந்தோம், இப்ப 33 அடி ஃபிஃப்த் வீல், அதாவது ட்ரக்கோட பின் தொட்டிக்குள்ள, பெட்னு சொல்றாங்களே அதுல, மாட்டற டிரெய்லர். எனக்குத் தெரிஞ்ச நம்ம குடும்பங்கள்லயே நாலஞ்சு பேரு கொலராடோ, நியூ மெக்ஸிகோ போறதுக்குன்னு டிரெய்லர் வாங்கிட்டாங்க. வாங்கின முதல் மாசத்துலயே போன் வரும், "அண்ணே, வண்டி ஒரு மாதிரி ஆடுது"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா, என்ன அறிகுறி வந்தா எதை முதல்ல பாக்கணும்னு இங்க எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். கீழ இருக்கற அறிகுறிகள்ல பாதிக்கு மேல எடை சம்பந்தப்பட்டதுதான். அதனால எந்தப் பொருளையும் வாங்கறதுக்கு முன்னாடி, ஊருக்குப் போற மாதிரியே முழுசா சாமான் ஏத்தி, தண்ணி புடிச்சு, குடும்பத்தோட ட்ரக் ஸ்டாப்புக்குப் போய் கேட் ஸ்கேல்ங்கற (CAT Scale) எடை மேடைல எடை போடுங்க. ட்ரக்கோட முன் சக்கரம் முதல் பிளாட்பாரத்துல, பின் சக்கரம் ரெண்டாவதுல, டிரெய்லர் சக்கரங்க மூணாவதுல நிக்கணும், அங்க இருக்கற பட்டனை அமுக்கினா உள்ளேர்ந்து கேப்பாங்க, முதல் எடைன்னு சொல்லுங்க. 24 மணி நேரத்துக்குள்ள மறுபடி போட்டா ரெண்டாவதுக்கு காசு ரொம்பக் கம்மி. டிராவல் டிரெய்லருக்கு மூணு தடவை போடணும்: ஸ்பிரிங் பார் (ஹிட்ச் மேல உக்கார்ற எடையை மத்த ஆக்ஸிலுக்குப் பிரிச்சு விடற கம்பி) மாட்டி ஒண்ணு, ஸ்பிரிங் பாரைக் கழட்டி ஒண்ணு, டிரெய்லரை பார்க்கிங்ல விட்டுட்டு வெறும் ட்ரக்கை மட்டும் ஒண்ணு. ஸ்பிரிங் பார் இல்லாம வந்த ட்ரக் எடைலேர்ந்து வெறும் ட்ரக் எடையைக் கழிச்சா அதுதான் டங் வெயிட், அதாவது டிரெய்லர் உங்க ஹிட்ச் (ட்ரக்ல டிரெய்லரை மாட்டற இணைப்பு) மேல எவ்வளவு உக்காருதுங்கறது. ஃபிஃப்த் வீலுக்கு ரெண்டு தடவை போதும்.

டிரெய்லர் வால் ஆட்டுது

பெரிய லாரி பக்கத்துல கடந்து போறப்ப இல்லன்னா பக்கவாட்டுல காத்து அடிக்கறப்ப டிரெய்லர் பின்பக்கம் லேசா இடது வலதுன்னு அசையும், அப்புறம் அந்த அசைவு ட்ரக்குக்கே வந்து ஸ்டியரிங் கையை இழுக்கும். ரெண்டு மூணு அசைவுல அது தானா அடங்கிட்டா பரவாயில்ல. அடங்காம பெருசாயிட்டே போனா அதுதான் ஸ்வே, உயிருக்கு ஆபத்து.

நடக்கும்போது என்ன பண்ணணும்னு மனப்பாடமா இருக்கணும். ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க, ட்ரக் பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை நேரா புடிச்சுக்கங்க, அசைவுக்கு எதிரா திருப்பி திருப்பி சரி பண்ணப் பாக்காதீங்க, டிரைவர் பக்கத்துல டிரெய்லர் பிரேக்குக்குன்னு இருக்கற பிரேக் கண்ட்ரோலர்ல உள்ள சின்ன லீவரை மட்டும் கையால அழுத்துங்க. டிரெய்லர் பிரேக் மட்டும் புடிச்சா டிரெய்லர் பின்னாடி இழுபட்டு நேராயிடும். ட்ரக் பிரேக்கைப் போட்டா ட்ரக் மெதுவாகும், டிரெய்லர் பின்னாலேர்ந்து தள்ளும், அசைவு இன்னும் மோசமாகும். வீட்டு வாசல்ல நிக்கறப்பவே அந்த லீவர் எங்க இருக்குன்னு பாக்காம தொட்டுப் பழகுங்க.

எனக்கு நடந்தது 287 ஹைவேல, சில்ட்ரெஸ் தாண்டி அமரில்லோ போற வழியில. 70 மைல் வேகம், தெக்கேர்ந்து காத்து, ஒரு லாரி கடந்துச்சு, பின் கண்ணாடில டிரெய்லரோட இடது பக்க சுவர் தெரிஞ்சுது, அடுத்த செகண்ட் வலது பக்க சுவர் தெரிஞ்சுது. நேரா போற வண்டில ரெண்டு சுவரும் மாத்தி மாத்தி தெரியவே கூடாது. லீவரை அழுத்தி அடக்கினேன், ஆனா மனைவி அடுத்த நூறு மைல் பேசவே இல்ல, பின்னாடி பசங்க ரெண்டு பேரும் கூட.

மறுநாள் அமரில்லோல எடை போட்டேன். டிரெய்லர் மொத்தம் 7,700 பவுண்ட், டங் வெயிட் 780. அதாவது 10 சதவீதம். டிராவல் டிரெய்லருக்கு 10லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் இருக்கணும்னு சொல்லுவாங்க, 10ங்கறது ஓரத்துல நிக்கற மாதிரி, 12, 13 இருந்தாதான் நிம்மதி. ஏன் குறைஞ்சுதுன்னு தேடினா ரெண்டு காரணம். எங்க டிரெய்லர்ல நல்ல தண்ணி டாங்க் ஆக்ஸிலுக்குப் பின்னாடி இருக்கு, 40 கேலன் முழுசா புடிச்சிருந்தேன். ஒரு கேலன் 8.3 பவுண்ட், ஆக 330 பவுண்ட். அது போக வால்ல பம்பர்ல நாலு சைக்கிள், ரேக்கோட 160 பவுண்ட். ஆக்ஸிலுக்குப் பின்னாடி வைக்கற ஒவ்வொரு பவுண்டும் ஏத்தமரம் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும், எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு அதிகமா தூக்கும். தண்ணியை இறக்கிட்டு சைக்கிளை அமரில்லோல இருக்கற நண்பர் வீட்டுல விட்டுட்டு மறுபடி போட்டா டிரெய்லர் 7,210, டங் வெயிட் 1,000. கிட்டத்தட்ட 14 சதவீதம். அன்னைக்கு அதே காத்துல வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போச்சு.

ஆனா கதை அங்க முடியல. ட்ரக் டிரைவர் கதவைத் தொறந்தா தூண்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேத்து இவ்வளவு பவுண்டுக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டிருக்கும். அதுதான் பேலோட். என்னோட அரை டன் பிக்கப்ல (அரை டன்ங்கறது ட்ரக் வகையோட பேர்தான்) 1,480. நாங்க நாலு பேரு, ஹிட்ச், ட்ரக் பெட்ல இருந்த சாமான் எல்லாம் சேத்து 640. டங் வெயிட் 1,000. மொத்தம் 1,640, லிமிட்டை விட 160 அதிகம். ஸ்பிரிங் பார் அதுல கொஞ்சத்தை டிரெய்லர் ஆக்ஸில் பக்கம் தள்ளிவிடும்தான், இருந்தாலும் மிச்சம் ஒண்ணும் இல்ல. ஆக டிரெய்லர் ஆடாம இருக்கணும்னா ட்ரக் ஓவர்லோட், ட்ரக் லிமிட்டுக்குள்ள இருக்கணும்னா டிரெய்லர் ஆடும். டிரெய்லர் வித்த டீலர் "உங்க ட்ரக் 11,000 இழுக்கும், இது வெறும் 7,700தான"ன்னு சொல்லித்தான் வித்தாரு. அந்த 11,000 பொய் இல்ல. ஆனா ஜே2807ன்னு எஸ்.ஏ.ஈ.ங்கற வண்டி இன்ஜினியர்கள் சங்கத்தோட ஸ்டாண்டர்ட் ஒண்ணு இருக்கு, அதுப்படி அந்த நம்பரைக் கணக்கு போடறப்ப ட்ரக்ல ரெண்டு பேரு, ஆளுக்கு 150 பவுண்ட், டங் வெயிட் 10 சதவீதம்னுதான் எடுத்துக்கறாங்க. பின் சீட்ல பசங்க, ட்ரக் பெட்ல கிரில், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் அந்தக் கணக்குல கிடையாது. குடும்பமா போறவங்களுக்கு முதல்ல தீந்து போறது பேலோட்தான், இழுவை இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி இருக்கறவங்க தயவுசெஞ்சு இந்த ஒரு ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போங்க. பிரோஷர்ல இருக்கற ட்ரை வெயிட்டை வச்சு கணக்கு போடாதீங்க, பல சமயம் அதுல பேட்டரி, கேஸ் சிலிண்டர்ல இருக்கற கேஸ் எதுவுமே சேராது. டிரெய்லரோட ஜி.வி.டபிள்யு.ஆர். (சாமானோட சேத்து அதிகபட்சம் இருக்கலாம்னு கம்பெனி சொல்ற எடை) எடுத்து அதுல 13 சதவீதம் போடுங்க, அதைத் தாங்குற ட்ரக் இருந்தா வாங்குங்க.

எடை சரியா இருந்தும் ஆடுதுன்னா அடுத்தது: டிரெய்லர் மூக்கு தூக்கி நிக்குதா பாருங்க, சமமா இல்ல கொஞ்சம் குனிஞ்சு நிக்கணும். டிரெய்லர் டயர் காத்து கம்மியா இருக்கா. ட்ரக் பின் டயரே மெத்துன்னு இருக்கா. அப்புறம்தான் ஸ்வே கண்ட்ரோல் ஹிட்ச். அது நல்ல பொருள், நானும் வச்சிருந்தேன், ஆனா எடைப் பங்கீடு தப்பா இருக்கறதை அது மறைச்சு வைக்கும், ஒரு நாள் அதோட சக்திக்கு மேல காத்து வரும்.

காத்துன்னு சொன்னதும், வயோமிங்ல ஐ-80 போறவங்க கவனமா இருங்க. உயரமான, எடை கம்மியான வண்டிங்களுக்குன்னு தனியா ரோட்டையே மூடுவாங்க. நம்ம டிரெய்லர் சரியா அந்த வகைதான். மூடியிருந்தா ராவ்லின்ஸ்லயோ லாரமிலயோ ரூம் போட்டுப் படுங்க.

ட்ரக் மூக்கு தூக்குது, ஸ்டியரிங் லேசா இருக்கு

ராத்திரி எதிர்ல வர்றவங்க எல்லாம் ஹெட்லைட் அடிச்சுக் காமிக்கறாங்கன்னா உங்க லைட் அவங்க கண்ணுல அடிக்குதுன்னு அர்த்தம். பின் ஆக்ஸில் அமுங்கி முன் சக்கரத்துல எடை கொறஞ்சு போச்சு. மழையில இது ரொம்ப மோசம், திருப்பறது முன் சக்கரம்தான், பிரேக் புடிக்கறதுலயும் பெரும்பங்கு அதுக்குத்தான்.

டேப் எடுங்க. முன் சக்கரத்துக்கு நேர் மேல ஃபெண்டர் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் அளங்க, டிரெய்லர் இல்லாம. அப்புறம் டிரெய்லர் மாட்டி ஸ்பிரிங் பார் போடாம. அப்புறம் ஸ்பிரிங் பார் போட்டு. ஒரு உதாரணத்துக்கு 37 இன்ச் இருந்தது 38 ஆச்சுன்னா, பார் போட்டப்புறம் 37½க்காவது திரும்பி வரணும். எவ்வளவு திரும்பணும்னு ட்ரக் மேனுவல்ல போட்டிருக்கும், கம்பெனிக்கு கம்பெனி மாறும். வரலன்னா ஸ்பிரிங் பாரைத் தூக்கிப் புடிக்கற செயினை ஒரு கண்ணி குறைச்சு இறுக்குங்க, இல்ல ஹிட்ச் ஹெட்டை கொஞ்சம் சாய்க்க வாஷர் போடுங்க. பின் சஸ்பென்ஷன்ல காத்தடிக்கற ஏர் பேக் போட்டு பின்னாடி தூக்கி நிறுத்தறதை மட்டும் பண்ணாதீங்க, பாக்க சமமா தெரியும், ஆனா முன் சக்கரத்துக்கு ஒரு பவுண்ட் கூட திரும்பாது.

பிரேக் புடிக்கல, இல்லன்னா வெடுக்குன்னு புடிக்குது

முதல்ல கெய்ன், அதாவது டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமா புடிக்கணும்னு கண்ட்ரோலர்ல வைக்கற அளவு. ஆள் இல்லாத நேர் ரோட்டுல 20, 25 மைல் வேகத்துல போய் லீவரை மட்டும் முழுசா அழுத்துங்க. டிரெய்லர் நல்லா இழுத்துப் புடிக்கணும், ஆனா சக்கரம் லாக் ஆகி தேயக் கூடாது. தேஞ்சா கெய்னைக் குறைங்க, இழுக்கலன்னா கூட்டுங்க. சாமான் ஏத்தினப்புறம், மழை வந்தப்புறம் மறுபடி பாக்கணும், ஒரு தடவை வச்சா முடிஞ்சுதுன்னு இல்ல.

கெய்ன் முழுசா வச்சும் புடிக்கலன்னா கரண்ட் போகுதான்னு பாருங்க. ஆம்ப் மீட்டரை பிரேக் ஒயர்ல, அதாவது நீல ஒயர்ல, மாட்டினா ஒரு சக்கரத்துக்கு சுமார் 3 ஆம்ப், நாலு சக்கரத்துக்கு 12 பக்கம் வரணும். 9 வந்தா ஒரு சக்கரம் செத்துடுச்சு. ஒண்ணுமே வரலன்னா ஏழு பின் ப்ளக்கைத் தொறந்து பாருங்க, பச்சை பூத்திருக்கும். எனக்கு ஒரு தடவை 6தான் வந்துச்சு. ஆக்ஸில் குழாய்க்குள்ள ஒரு சக்கரத்துலேர்ந்து இன்னொரு சக்கரத்துக்குப் போற ஒயர் உரசி உரசி அறுந்திருந்தது, வெளியேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது.

கரண்ட் சரியா போயும் புடிக்கலன்னா ரெண்டு விஷயம். டிரம் பிரேக் தேய தேய இடைவெளி கூடும், தானா அட்ஜஸ்ட் ஆகற மாடல் இல்லன்னா 3,000 மைலுக்கு ஒரு தடவை பின்னாடி இருக்கற ஓட்டை வழியா ஸ்டார் வீலைத் திருப்பி அட்ஜஸ்ட் பண்ணணும். இன்னொண்ணு, கிரீஸ். ஹப் மூடில கிரீஸ் நிப்பிள் இருக்கேன்னு கன்ல வேகமா அடிச்சா பின் சீலைத் தாண்டி பிரேக் ஷூ மேல போயிடும். கிரீஸ் ஊறின ஷூவைத் துடைச்சுப் போட்டா சரியாகாது, மாத்தணும்.

லைட் எரியலன்னா கூட இதே ப்ளக்தான். வெள்ளை ஒயர் கிரவுண்ட். இண்டிகேட்டர் போட்டா எல்லா லைட்டும் சேந்து மங்கலா மின்னுதுன்னா கிரவுண்ட் சரியில்ல, வேற எங்கயும் தேட வேண்டாம்.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்குது

எங்க நிறுத்தினாலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து நாலு சக்கரத்தோட ஹப்புலயும் (நடுவுல இருக்கற குடம்) காட்டுங்க. 15, 20 டாலர்ல கிடைக்கும். நம்பர் எவ்வளவுங்கறதை விட நாலும் ஒண்ணுக்கொண்ணு எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம். வெயில் பட்ட பக்கம் கொஞ்சம் கூட இருக்கும், அது சகஜம். மூணு 120 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டி ஒண்ணு மட்டும் 190 காட்டினா அந்த சக்கரத்தோட போகாதீங்க.

ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தைக் கையால சுத்துங்க. சரசரன்னு மண்ணை அரைக்கற மாதிரி சத்தம் வந்தா பேரிங். மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா லொடலொடன்னு ஆடினாலும் பேரிங், இல்ல நட் லூஸ். சுத்தவே கஷ்டமா இருந்தா பிரேக் ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரேக் ஒட்டினா இன்னொரு இடமும் பாருங்க: டிரெய்லர் ட்ரக்கை விட்டுக் கழண்டா தானா பிரேக் போடற பிரேக்அவே ஸ்விட்ச்ல சொருகியிருக்கற பின் (pin) பாதி வெளிய வந்திருந்தா டிரெய்லர் பேட்டரிலேர்ந்தே எல்லா பிரேக்குக்கும் கரண்ட் போயிட்டு இருக்கும், அப்ப நாலு சக்கரமும் சேந்து கொதிக்கும்.

பேரிங்கை 12 மாசத்துக்கு ஒரு தடவை இல்ல 12,000 மைலுக்கு ஒரு தடவை, எது முதல்ல வருதோ அப்ப, கழட்டி கழுவி புது கிரீஸ் போடணும். வருஷத்துக்கு 2,000 மைல்தான் ஓட்டறோம்னு விடாதீங்க, நின்ன வண்டில ஈரம் எறங்கும். சக்கரத்தைக் கழட்டி மாட்டினா 10, 25, 50 மைல்ல நிறுத்தி டார்க் ரெஞ்ச்ல நட்டை மறுபடி முறுக்குங்க.

டயர் வெடிக்குது, ஒரு பக்கமா தேயுது

டிரெய்லர் டயர் வேற ஜாதி, பக்கவாட்டுல எஸ்.டி.ன்னு போட்டிருக்கும். வேகத்துக்கான எழுத்து எதுவும் இல்லன்னா அது 65 மைலுக்குத்தான். எல் போட்டிருந்தா 75, எம் போட்டிருந்தா 81. 287ல லிமிட் 75ன்னு போர்டு இருக்கும், அது ரோட்டுக்கு, உங்க டயருக்கு இல்ல. நான் 62, 63க்கு மேல போறதில்ல. கலிஃபோர்னியால டிரெய்லர் இழுத்தா சட்டமே 55தான்.

காத்து காலைல வெயில் வர்றதுக்கு முன்னாடி, வண்டி நகர்றதுக்கு முன்னாடி பாக்கணும். லோட் ரேஞ்ச் (எவ்வளவு எடை தாங்கும்ங்கற வகை) ஈ டயர்னா பொதுவா 80 பி.எஸ்.ஐ. ஓடினப்புறம் 90க்கு மேல காட்டும், பயந்து எறக்கி விடாதீங்க, அப்படி விட்டா குளிர்ந்தப்புறம் காத்து கம்மியாயிடும், காத்து கம்மியா ஓடறதால வர்ற சூட்டுலதான் வெடிக்கும். டயர் பக்கவாட்டுல இருக்கற டி.ஓ.டி. நம்பரோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் அஞ்சாறு வருஷத்துல மாத்திடுங்க. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, நடுவுல தேஞ்சா காத்து அதிகம், உள் ஓரம் மட்டும் தேஞ்சா ஆக்ஸில் வளைஞ்சிருக்கு இல்ல ஓவர்லோட். இதுக்கும் அந்த எடை ரசீதுதான் முதல் ஆதாரம்.

மலை எறங்கறப்ப பிரேக் வாசனை வருது

டல்லாஸ்லேர்ந்து கொலராடோ போறப்ப ராட்டன் பாஸ் வரும், 7,834 அடி. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும், அதனால அங்க ஏறறப்ப முக்கறது கோளாறு இல்ல. லாரிங்க பின்னாடி வலது லேன்ல 40ல போங்க.

எறங்கறதுதான் விஷயம். டோ ஹால் மோட் (டிரெய்லர் இழுக்கறப்ப போடற ட்ரக் செட்டிங்) போட்டு, உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியரைக் குறைச்சு, இன்ஜினே புடிக்கற மாதிரி எறங்கணும். வேகம் கூடினா ஒரே அழுத்தா மிதிச்சு பத்து மைல் குறைச்சுட்டு காலை எடுத்துடுங்க, லேசா மிதிச்சுக்கிட்டே வராதீங்க. கருகின வாசனை வந்தா அகலமான இடத்துல ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. வாசனை ட்ரக் சக்கரத்துலேர்ந்து மட்டும் வந்து டிரெய்லர் சக்கரம் ஜில்லுன்னு இருந்தா டிரெய்லர் பிரேக் வேலையே செய்யல, மேல பிரேக் பகுதிக்குப் போங்க. ஐ-70ல ஐசன்ஹோவர் டனல் 11,158 அடில இருக்கு, அதுலேர்ந்து சில்வர்தார்ன் பக்கம் எறங்கறது 7 சதவீத சரிவு. புதுசா ஓட்டறவங்க முதல் பயணத்துக்கு அதை வச்சுக்காதீங்க. பாலோ டூரோ கேன்யன் பார்க்குக்குள்ள எறங்கற ரோடு 10 சதவீதம், ஆனா குட்டி ரோடு, மெதுவா போனா பழக நல்ல இடம்.

ஃபிஃப்த் வீல்: முதுகுல குத்தற மாதிரி முன்னும் பின்னும் இடிக்குது

ஃபிஃப்த் வீல் வாங்கினா ஸ்வே கிட்டத்தட்ட போயிடும், எடை பின் ஆக்ஸிலுக்கு மேலயே உக்காருது. ஆனா பின் வெயிட் (pin weight), அதாவது டிரெய்லர் மூக்குல கீழ நீட்டிக்கிட்டு இருக்கற கிங்பின்ங்கற இரும்பு முளை வழியா ட்ரக் மேல உக்கார்ற எடை, மொத்தத்துல 20 சதவீதத்தைத் தாண்டும். எங்களுது 12,600 பவுண்ட், கிங்பின்ல 2,650. அதனாலதான் ஒரு டன் ட்ரக்குக்கு மாறினோம், அரை டன் ட்ரக்ல இது நடக்கற காரியமே இல்ல.

கான்கிரீட் ரோட்டு இணைப்புல டக் டக்னு இடிச்சா சக்கிங்னு சொல்லுவாங்க. ஹிட்ச் தாடைக்கும் கிங்பின்னுக்கும் நடுவுல லொடலொடப்பு இருக்கா பாருங்க: ஒருத்தர் ட்ரக்குல உக்காந்து டிரெய்லர் பிரேக்கை அழுத்திக்கிட்டு முன்னும் பின்னும் லேசா நகத்தணும், இன்னொருத்தர் தள்ளி நின்னு பக்கவாட்டுல கவனிக்கணும். ஆட்டம் இருந்தா தாடையை அட்ஜஸ்ட் பண்ணுங்க, தேஞ்சிருந்தா மாத்துங்க. ஆட்டம் இல்லாமலே இடிச்சா டிரெய்லர் சமமா நிக்குதா, பின் வெயிட் கம்மியா இருக்கான்னு பாருங்க. கடைசியா ஏர் பேக் வச்ச பின் பாக்ஸ் (pin box, கிங்பின் பொருத்தியிருக்கற பெட்டி), அது விலை ஜாஸ்தி.

ஃபிஃப்த் வீல்: திரும்பறப்ப கேபினை நெருங்குது, பெட் ஓரத்தைத் தொடுது

எட்டடி பெட் இருந்தா கவலை கம்மி. ஆறரை அடி, அஞ்சரை அடி பெட்னா ரிவர்ஸ்ல 90 டிகிரிக்குத் திருப்பறப்ப டிரெய்லர் மூலை பின் கண்ணாடியை உடைக்கும், பின்னாடி நகர்ற ஸ்லைடர் ஹிட்ச் போடணும். காலி மைதானத்துல ஒருத்தரை வெளிய நிக்க வச்சு மெதுவா திருப்பி எந்தக் கோணத்துல நெருங்குதுன்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கங்க. டிரெய்லர் மூக்கு அடிப்பக்கத்துக்கும் பெட் ஓர விளிம்புக்கும் நடுவுல 5, 6 இன்ச்சாவது இருக்கணும், பெட்ரோல் பங்க் மேட்டுல சாஞ்சு ஏறறப்பதான் இது தெரியும்.

ஃபிஃப்த் வீல்: மாட்டின மாதிரி இருக்கு, ஆனா மாட்டல

இதை ஹை ஹிட்ச்னு சொல்லுவாங்க. டிரெய்லர் ஒரு இன்ச் உயரமா இருக்கறப்ப ரிவர்ஸ் வந்தா கிங்பின் தாடைக்குள்ள போகாம மேல உக்காந்துடும், கைப்பிடி கூட மூடின மாதிரி தெரியும். நகர்ந்ததும் டிரெய்லர் அப்படியே ட்ரக் பெட் மேல விழும். அதனால கிங்பின் உள்ள போறதுக்கு முன்னாடியே டிரெய்லரோட பிளேட் ஹிட்ச் பிளேட்டைத் தொட்டு லேசா தூக்கணும், அந்த உயரத்துக்கு டிரெய்லரை எறக்கி வச்சுக்கங்க. மாட்டினப்புறம் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாருங்க: ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது, கிங்பின்னோட ஒடுங்கின கழுத்தைச் சுத்தி தாடை மூடியிருக்கணும்.

அப்புறம் டிரெய்லர் கால் ரெண்டும் தரையிலயே இருக்க, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, டிரெய்லர் பிரேக்கை அழுத்திக்கிட்டு ட்ரக்கை முன்னாடி இழுங்க. நகரலன்னா புடிச்சிருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டுல நான் இழுக்கறப்ப மனைவி பக்கத்துல நின்னு கிங்பின்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, அவங்க கையைத் தூக்கினாதான் டிரெய்லர் காலை மேல ஏத்துவேன்.